ஏதோ இருக்கேன்

அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் என்று தெரிந்து பல வருஷம் ஆகிறது. இந்த முறை சாரல் தொடங்கும்போது அவன் நன்றாகவே இருந்தான். குற்றாலத்தில் சித்தப்பாவின் நேந்திரம் சிப்ஸ் கடையில் சீசன் முழுக்க நிற்க வேண்டும் என்று ஒரே ஆசை. மாத்திரைத் தூக்கம்தான் இடைஞ்சல். தென்காசி டாக்டர், "நல்லா இருந்தா குறைச்சிரலாம்" என்று சொல்லியிருந்தார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் கேள்வித்தாளோடு உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கைத் தரத்தை அளக்கிறார்களாம். வெளிநாட்டில் தயாரித்ததைத் தமிழாக்கியிருக்கிறார்கள். டாக்டரும் பார்ப்பார் என்றாள்.

"உங்களுக்குத் தனிமை போதுமான அளவு கிடைக்கிறதா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். "ஏலே, தனியா இருந்து என்ன செய்ய?"

எங்கள் வீட்டில் குளியலறைக் கதவைத் தவிர எதையும் சாத்துவதில்லை. 

மற்றதுக்கெல்லாம் ஒரே பல்லவி. உடம்பு எப்படி? "ஏதோ இருக்கேன்." வீட்டில் திருப்தியா? "ஏதோ ஓடுது." அவள் நடுக் கட்டத்திலும் அதற்குக் கீழேயும் குறித்துக்கொண்டே போனாள். காலையில் இட்லியை வெளுத்துக்கட்டியவன் இப்படிச் சொல்கிறானே என்று எனக்கு எரிச்சல்.

டாக்டர் தாளைப் புரட்டினார். "முன்னேற்றம் தெரியலையே. மாத்திரை அப்படியே இருக்கட்டும்."

அண்ணன் முகம் வாடிவிட்டது. "சார், உள்ளதச் சொல்லட்டுமா, அம்மா சொல்லச் சொன்னதச் சொல்லட்டுமா?"

காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறாள். "நல்லா இருக்கேன்னு சொல்லிராதய்யா. கண்ணு பட்டுரும்." போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் பிள்ளைக்குச் சரியாகிவிட்டது என்று எல்லாரிடமும் வாய் நிறையச் சொன்னவள் அவள்தான். அந்த வாரமே அவன் காதில் குரல்கள் திரும்பவும் கேட்க ஆரம்பித்தன. அவளை எப்படிக் கோபித்துக்கொள்ள? தப்பு அந்தத் தாளிலா, எங்களிடமா என்று இன்றுவரை விளங்கவில்லை.

"உள்ளதையே சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அண்ணன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அவனுக்கும் பயம் வந்துவிட்டது. டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. அண்ணன் எப்படி இருக்காரு?"

நன்றாகச் சாப்பிடுகிறான், சிரிக்கிறான், அருவிக்குப் போகலாம் என்று தினமும் என்னை எழுப்புகிறான். எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏதோ இருக்கான் சார்" என்றேன்.