ஆதரவு உண்டா என்று கேட்டார்கள்

எங்கள் தங்கையார் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலருக்கு நான்கு பக்கம் எழுதித் தருமாறு அவருடைய மகன், என் மருமகன், கேட்டுக்கொண்டார். தன்னைவிடப் பதினான்கு வயது இளையவரைப் பற்றி மூத்தவன் எழுத நேர்ந்ததே முறையில்லை. அதிலும் 'வந்தார்', 'சொன்னார்' என்று எழுத வேண்டும் என்கிறார். இடுப்பில் தூக்கி வளர்த்த பெண்ணை அப்படி எழுதக் கை பழகவில்லை. இருந்தாலும் அச்சில் வருவது என்பதால் முறைப்படியே எழுதுகிறேன். எதையாவது விட்டிருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கீழ்பென்னாத்தூருக்குத் தெற்கே உள்ள சிற்றூரில் அவர் பிறந்தார். எங்களுடையது மானாவாரி நிலம். மழை பெய்தால் மணிலாக் கடலை, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. எங்கள் பெற்றோருக்குப் பிறந்த ஐந்து பேரில் தங்கியவர்கள் முதலாவதும் ஐந்தாவதும்தான். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தார். பதினெட்டு வயதில் திருவண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டார். மாப்பிள்ளை செங்கம் சாலையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஆசிரமத்துக்கு வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் அவரிடம் சைக்கிள் எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றி வருவார்கள். அதிர்ந்து பேசாத மனிதர். எழுபதுகளின் தொடக்கத்தில் மஞ்சள் காமாலை வந்து மூன்றே வாரத்தில் போய்விட்டார். அப்போது என் மருமகனுக்கு ஆறு வயது.

நான் திருவண்ணாமலை நகராட்சிப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தேன். பேகோபுரத்துக்குப் பின்னால் வாடகை வீடு. தங்கையாரையும் பிள்ளையையும் அங்கே அழைத்து வந்தேன். அரிசி கிடைக்காத காலம் அது. ரேஷன் கார்டில் ஆறு பேராக இருந்த எங்களை எட்டுப் பேராக்க தாலுகா ஆபீசுக்கு நடையாக நடந்தேன். கடைசியில் ஒரு நாள் 'குடும்பத் தலைவரின் தங்கை' என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். அன்று பெரிய பாரம் இறங்கியது என்று நினைத்தேன். அந்த ஒரு வரிதான் பிற்பாடு எங்களைப் படாதபாடு படுத்தியது.

ஒன்பது ஆண்டுகள் அவர் எங்களோடு இருந்தார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. தைப்பார், ஊறுகாய் போடுவார், என் பெண்களுக்குத் தலை வாரிவிடுவார். ஆனால் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அதை விளையாட்டுப் போல என் மனைவியிடம் சொல்வார்.

"உங்கள ஒண்ணும் சொல்லல அண்ணி. உப்பு போதுமான்னு யாரையும் கேக்காம ஒரு நாள் நானே ஒரு கொழம்பு வெக்கணும். அவ்ளோதான்."

"இன்னைக்கே வெய்யேன், யாரு வேணான்னா?" என்பார் என் மனைவி.

"இது உங்க அடுப்பு அண்ணி. என் அடுப்புல வெக்கணும்" என்று சொல்லிச் சிரிப்பார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். அவருக்கென்று ஓர் அடுப்பு மூட்ட என் சம்பளத்தில் வழியில்லை.

பிறகுதான் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவு போடும் திட்டத்தை அரசு கொண்டு வந்தது. ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர். பெண்களுக்கே வேலை, அதிலும் ஆதரவற்ற விதவைகளுக்கு முன்னுரிமை என்றார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இடம் இருந்தது. தங்கையார் மறுநாளே மனு எழுதினார். வயது நாற்பத்து மூன்று. இதை விட்டால் இன்னொன்று வாய்க்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆதரவற்றவர் என்று சான்று வாங்கிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அதை விசாரிக்க வருவாய் ஆய்வாளர் எங்கள் தெருவுக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் பள்ளியில் இருந்தேன். எதிர்வீட்டு அம்மாளைத்தான் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் எங்கள் குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவர்.

"அந்தம்மாவுக்கு இன்னா சார் கொறை? அண்ணன் கண்ணுல வெச்சுப் பாத்துக்கறாரு. தீபத்துக்குத் தீபம் பொடவை எடுக்கறாரு. இந்தக் காலத்துல யாரு சார் அப்பிடி இருக்காங்க?" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அதை மாலையில் என்னிடமும் வந்து பெருமையாகச் சொன்னார். எனக்கும் கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் மனு திரும்பி வந்தது. 'சகோதரரின் ஆதரவில் உள்ளார். குடும்ப அட்டையிலும் அவ்வாறே உள்ளது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. எதிர்வீட்டு அம்மாள் ஓடி வந்தார்.

"நான் நல்லதுதானே வாத்தியாரே சொன்னேன்?"

"ரொம்ப நல்லதா சொல்லிட்டீங்க. கொஞ்சம் கம்மியா சொல்லியிருக்கலாம்" என்றார் தங்கையார். அந்த அம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. தங்கையார்தான் காப்பி கொடுத்துத் தேற்றி அனுப்பினார்.

மறுநாள் அவரே ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த குமாஸ்தா வழி சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் நேராகவே சொன்னார்.

"அண்ணா, நீங்க என்னக் கைவிட்டுட்டீங்கன்னு எழுதிக் குடுக்கணுமாம்."

நான் எழுத மறுத்துவிட்டேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்தவன் நான். அதுவும் போகட்டும். கைவிட்டேன் என்று என் கையெழுத்தில் அரசாங்கக் கட்டுக்குள் ஒரு காகிதம் கிடந்தால் எனக்கு எப்படிச் சோறு இறங்கும்?

"காகிதத்துலதானே? எழுதிக் குடுத்துடுங்களேன். நாளைக்கு யாரு அத எடுத்துப் படிக்கப் போறா?" என்றார் என் மனைவி.

"நான் படிப்பேன்" என்றேன்.

தங்கையார் என் மனைவியின் பக்கம் திரும்பி, "வேணாம் அண்ணி, அண்ணா பொய் எழுத வேணாம். எழுதினா அதுக்கே பத்து நாள் தூங்க மாட்டாரு. திருப்பி விசாரிக்கச் சொல்லி மனு குடுத்திருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆர்.ஐ. வருவாரு. அவர் கேட்டா உள்ளத சொல்லுங்கண்ணா. பாதியில நிறுத்தாதீங்க. முழுசா சொல்லுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமையோடு பட்டியல் முடிகிறது. வியாழக்கிழமை மாலைதான் ஆய்வாளர் வந்தார். இளைஞர். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"சார், உங்க தங்கச்சிய நீங்கதானே பாத்துக்கறீங்க?"

"ஆமாம், நான்தான்" என்றேன். அவர் எழுதத் தொடங்கினார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

"இன்னும் எத்தன நாளைக்குப் பாத்துக்க முடியும்னுதான் தெரியல" என்றேன். பேனா நின்றது.

முழுதாகச் சொல்லச் சொன்னாரே என்று முழுதாகவே சொன்னேன். வரும் மே மாதம் ஓய்வு. பணிப் பதிவேட்டில் இரண்டு ஆண்டுக்கு மேலதிகாரி கையெழுத்து இல்லை. எனக்கு முன் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஓய்வூதியம் வருமுன்பே இறந்துவிட்டார். கல்யாணத்துக்கு நிற்பவர்கள் இரண்டு பெண்கள், மூத்தவளுக்குச் செவ்வாய் தோஷம் வேறு. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். சமையலறை ஓடு மூன்று இடத்தில் ஒழுகுகிறது. வலது கண்ணில் புரை, இடது கண்ணிலும் தொடங்கியிருக்கிறதோ என்று சந்தேகம். மனைவிக்கு ரத்தக் கொதிப்பு. கிணற்றில் தண்ணீர் போன ஆண்டைவிட நான்கு முழம் கீழே. மருமகன் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு, கணக்கில் சுமார். எனக்கே ஒன்று ஆகிவிட்டால் ஏழு பேருக்கு என்ன வழி?

இரண்டாவது காப்பியும் ஆறிப்போனது. ஆய்வாளர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"போதும் சார். விட்டா உங்களுக்கே ஒரு சான்றிதழ் எழுதணும் போல இருக்கு."

பிறகு முன்னே எழுதியதை அடித்துவிட்டு எழுதினார். தலைகீழாகவே படித்தேன். 'சகோதரர் விரைவில் ஓய்வு பெறுபவர். பெரிய குடும்பம். மனுதாரருக்கு நிலையான ஆதரவு இருப்பதாகக் கொள்வதற்கில்லை.' அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. யாரும் யாரையும் கைவிடவும் இல்லை.

அவர் தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்துவிட்டு, தங்கையாரும் என் மனைவியும் உள்ளே தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

"எதுக்குச் சிரிக்கறீங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லண்ணா. நாங்க தினமும் கேக்கறத அவர் ஒரே நாள்ல கேட்டுட்டுப் போறாரு, பாவம்" என்றார் தங்கையார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததால் வந்த கண்ணீர் மட்டும் அல்ல அது.

வேலை கிடைத்தது. அன்றிரவு எனக்கு வந்த தூக்கம் அதற்கு முன்பு எந்த ஆண்டில் வந்தது என்று நினைவில்லை.

காலை முதல் பேருந்தில் போவார். மையத்தின் அரிசியில் ஒரு பிடிகூட வீட்டுப் பக்கம் வந்ததில்லை. முந்தானையில் ஒட்டிய பருப்பைக்கூட அங்கேயே தட்டிவிட்டுத்தான் பேருந்து ஏறுவார் என்று அவரோடு வேலை செய்த சமையல்கார அம்மாள் சொல்லி அழுதார். வராத பிள்ளைகளின் பெயரைச் சேர்த்து எழுதச் சொன்ன ஒருவரிடம், "வந்த பிள்ளைக்கே ரெண்டாவது கரண்டி போட முடியல, வராத பிள்ளைக்கு எங்கிருந்து போடறது?" என்று கேட்டாராம். அதன் பிறகு அப்படிக் கேட்க யாரும் வரவில்லை.

அந்த ஆண்டே மூன்று வீடு தள்ளி ஒரு சிறு பகுதியை வாடகைக்குப் பிடித்தார். எங்கள் கார்டிலிருந்து இரண்டு பெயரை நீக்கித் தனிக் கார்டு வாங்கினார். 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. முதல் நாள் எங்கள் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார். கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு கொஞ்சம் ஜாஸ்திதான். நான் உட்பட யாரும் சொல்லவில்லை.

நான் ஆய்வாளரிடம் அடுக்கிய கவலைகளில் பல பலிக்கவில்லை. பெண்கள் இருவருக்கும் நல்ல இடம் அமைந்தது. கண் இன்றும் தெரிகிறது. ஆனால் ஓய்வூதியக் கவலை பலித்துவிட்டது. அந்த இரண்டு கையெழுத்துக்காகக் கோப்பு வேலூருக்கும் இங்கேயுமாக மாதக்கணக்கில் அலைந்தது. அந்த மாதங்களில் தங்கையார் தம் கார்டு அரிசியை வாங்கி நேரே எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைப்பார்.

"ரெண்டு பேருக்கு இது ஜாஸ்தி அண்ணி. இங்க கெடக்கட்டும்."

வளரும் பிள்ளை இருக்கும் வீட்டில் அரிசி ஜாஸ்தியாகுமா? எங்களுக்குத் தெரியும். அவரும் மேலே பேசமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம். எனக்கு அதில் கூச்சம் வரவில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். நிம்மதிதான் வந்தது. எனக்குப் பிறகு இவர் என்ன ஆவார் என்ற கேள்வி அந்த அரிசிப் பையோடு தீர்ந்தது.

மருமகன் படித்து வேலைக்குப் போனதைத் தங்கையார் பார்த்துவிட்டார். போன ஆண்டு மூச்சுத் திணறல் வந்து பதினொரு நாள் அரசு மருத்துவமனையில் இருந்தார். நான் கட்டிலருகிலேயே உட்கார்ந்திருந்தேன். "வீட்டுக்குப் போய்ப் படுங்கண்ணா. நீங்க இங்க ஒக்காந்து கவலப்பட்டா எனக்குத் தூக்கம் வரல" என்றார். போனேன். விடியற்காலையில் ஆள் வந்தது. அமைதியாகப் போனார் என்று செவிலியர் சொன்னார்.

அவரை மாறி மாறிப் பார்த்துக்கொண்ட மையத்துச் சமையல்கார அம்மாளுக்கும் உதவியாளருக்கும், அன்று பாடத்தை நிறுத்தி வந்து நின்ற பள்ளி ஆசிரியர்களுக்கும், ஈமக் காரியங்களில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் தெருவாருக்கும், இன்றும் தன்னால்தான் காரியம் கெட இருந்தது என்று வருந்தும் எதிர்வீட்டு அம்மாளுக்கும் எங்கள் நன்றி. மாற்றலாகி எங்கே போனார் என்று தெரியாத அந்த வருவாய் ஆய்வாளருக்கும், பெயர் தெரியாமலே, நன்றி.

எனக்கு இன்னும் கவலைகள் உண்டு. இதை எழுத உட்காரும் முன்பு வழக்கம்போல் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது வந்தது. தங்கையாரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.