பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த வசனம்

அந்த வசனத்தைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். ஷாலினி அல்ல.

"செத்தவர் வந்திருக்கிறம், பசிக்குது, ஏதும் தாங்கோ." மூன்று வருடங்களுக்கு முன் ஹலோவீன் அன்று, எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சொன்னது இதைத்தான். அவள்தான் சொல்லிக்கொடுத்தாள் என்று ஊரே ஷாலினியைத் திட்டியது. நீங்களும் திட்டினீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

உங்கள் பிள்ளைகளுக்கு ஞாயிறு தோறும் மறைக்கல்வி எடுக்கிறவள் நான். பொய் சொல்வது பாவம் என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள்... எந்த முகத்தோடு எழுதினேன் என்று இப்போது என்னையே கேட்கிறேன்.

இந்த வருடமும் நீங்கள் கேட்கத் தொடங்கிவிட்டீர்கள். "ரீச்சர், மற்றப் பிள்ளையள் எல்லாம் வேஷம் போடுகினம், எங்கட பிள்ளையையும் விடலாமோ?" பெற்றோர் கூட்டத்தில் அதைப் பற்றி நான் பேச வேண்டும் என்று பங்குத்தந்தையும் சொல்லிவிட்டார். பேசத்தான் போகிறேன். ஆனால் இதைச் சொல்லாமல் அதைப் பேசுவதில்லை என்று முடிவெடுத்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஷாலினி தன் வீட்டு விறாந்தையில் இங்கிலிஷ் கிளாஸ் வைத்திருந்தாள். பிள்ளைகளுக்கு இங்கிலிஷில் ஆசை வரட்டும் என்றுதான் அந்தக் கொண்டாட்டத்தை யோசித்தாள். யோசித்ததும் நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, இது எங்களுக்குச் சரிவருமோ? பிழை எண்டால் சொல்லுங்கோ, விட்டிடுறன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "கூத்தில பசாசு வேஷம் கட்டி ஆடுறவன் அடுத்த நாள் பூசைக்கு வாறான்தானே? இதில என்ன பிழை?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பிள்ளைகள் வாசலில் நின்று இங்கிலிஷில் கத்தினால் எங்கள் சனத்துக்கு விளங்காது, தமிழில் ஒன்று சொல்ல வேண்டும் என்று நானே யோசனை சொன்னேன். அங்கேயே அந்த வசனத்தைக் கட்டினேன். கார்த்திகை, அதுதான் நவம்பர், மோட்சம் போகக் காத்து உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம் அல்லவா, அந்த ஆத்துமாக்கள் எங்கள் செபத்துக்காகப் பசித்திருக்கும் என்று சின்ன வயதில் கேட்ட கதை மனதில் கிடந்தது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். என் மகளையும் மற்றப் பிள்ளைகளையும் வரிசையில் நிற்க வைத்து, குரலைத் தாழ்த்திச் சொல்லப் பழக்கியதும் நான்தான்.

பொழுது படுகிற நேரம் பிள்ளைகள் முகத்தில் மாவு பூசி, கறுப்புப் பைகளை வெட்டிப் போர்த்திக்கொண்டு கிளம்பினார்கள். ஒழுங்கையின் அந்தத் தொங்கலில் உள்ள முஸ்லிம் வீடுகளிலும் சிரித்துக்கொண்டு இனிப்பு ரொபி கொடுத்தார்களாம். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது... றீற்றா அக்காவின் வாசல் வரைக்கும்.

றீற்றா அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவவுக்கு ஒரே மகன், அன்ரன். போரின் கடைசிக் காலத்தில் வவுனியாவுக்குப் போன பஸ்ஸிலிருந்து அவனை இறக்கிக் கொண்டுபோனார்கள். யார், ஏன், எங்கே... எதற்கும் பதில் இல்லை. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்கு முன்னால், பிள்ளைகள் காணாமல் போன மற்றத் தாய்மாரோடு அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பா. ஆடி மாதமும் ஆவணி மாதமும் மடு மாதா கோயிலுக்கு நடந்து போவா. அவனுக்கு மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று கந்தோரில் சொன்னபோது வாங்காமல் எழுந்து வந்துவிட்டா.

ஒவ்வொரு கார்த்திகையிலும் நாங்கள் எங்கள் செத்தவர்களின் பெயரைப் பூசைக்குக் கொடுப்போம், சேமக்காலையில் கல்லறைகளுக்கு மெழுகுதிரி ஏற்றுவோம். அவ கொடுத்ததே இல்லை. ஏன் அன்ரனின் பெயரைக் கொடுக்கவில்லை என்று ஒருமுறை நானே கேட்டேன். "இருக்கிற பிள்ளைக்கு ஆரும் ஆத்துமப் பூசை குடுக்கிறதோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டா. அந்தக் காத்திருப்பில்தான் அவ உயிரோடு இருந்தா. அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த வாசலைத் தவிர்த்துப் போங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றாமல் போனது?

என் மகள்தான் முன்னுக்கு நின்று சொன்னாளாம். "செத்தவர் வந்திருக்கிறம், பசிக்குது, ஏதும் தாங்கோ."

வீட்டுக்கு வந்ததும் அவள் என்னிடம் சொன்னாள்: "அம்மா, றீற்றா அன்ரி ரொபி தரேல்ல. புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்து தந்தவ. எனக்குக் கையால தீத்திவிட்டவ. சரியாப் பசிக்குதோ எண்டு கேட்டவ. நான் ஓம் எண்டனான்."

றீற்றா அக்கா அதை விளையாட்டாக எடுக்கவில்லை என்று எனக்கு விளங்கியது. ஆனாலும் நான் எழும்பி அந்த வீட்டுக்குப் போகவில்லை.

அடுத்த நாள் வேறு பிரச்சினை கிளம்பியது. பிள்ளைகளின் படங்கள் போனுக்குப் போன் போய், கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குப் பசாசு வேஷமா, செத்தவர் வசனமா என்று சனம் கொதித்தது. பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஷாலினியைச் சுற்றி நின்றார்கள். "ஆரைக் கேட்டு இதைச் செய்தனீ?" என்று ஒருவர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். நான் என் மகளின் தலைப்பின்னலைச் சரிசெய்தேன். "ஒருத்தரையும் கேக்கேல்ல, நானாத்தான் செய்தனான்" என்றாள் ஷாலினி. ஒரு மாதத்துக்குள் கிளாஸுக்குப் பிள்ளைகள் வருவது நின்றது. அவள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

அது பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரியது அந்தக் கோயில் முற்றச் சண்டைக்கு அடுத்த நாள் நடந்தது.

ஆத்துமாக்களின் திருநாள் பூசையில் பங்குத்தந்தை பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். என் அப்பாவின் பெயர் வந்தது, தலையைக் குனிந்தேன். அதற்குப் பிறகு அன்ரனின் பெயர் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். றீற்றா அக்கா முழந்தாளில் நின்றா. பூசை முடிந்து பெண்கள் சூழ்ந்தபோது அவ சொன்னதை நான் தூணோடு நின்று கேட்டேன். "சின்னப்பிள்ளையள் தங்கட பாட்டில அப்பிடிச் சொல்லுமோ? அவன்தான் சொல்ல வைச்சவன். பசிக்குதாம் என்ர பிள்ளைக்கு. இருக்கிறான் இருக்கிறான் எண்டு ஒரு பூசை குடுக்காமல் இவ்வளவு காலமும் அவனைப் பட்டினி போட்டிட்டனே."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான்தான் அக்கா சொல்ல வைத்தேன், அவன் இல்லை என்று. நாலு அடி தூரத்தில்தான் நின்றேன்... சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவ கச்சேரி வாசலுக்குப் போகவில்லை. படத்துக்கு முன்னால் மெழுகுதிரி வைத்தா. கந்தோருக்குப் போய் அந்தச் சான்றிதழையும் வாங்கி வந்தா. "பாவம், இப்பத்தான் மனம் ஆறியிருக்கிறா" என்று நீங்கள் சொன்னீர்கள். நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். எப்படியும் அவன் திரும்பமாட்டான், அவவுக்கு நல்லதுதானே நடந்தது என்று. பாவசங்கீர்த்தனத்தில்கூட "பொய் சொன்னேன் சுவாமி" என்று பொதுப்படச் சொல்லிவிட்டு எழும்பினேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் முழந்தாளிட்டேன்.

ஹலோவீனுக்குப் பிள்ளையை விடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். பசாசு பிடித்துவிடும் என்று பயந்து சொல்லவில்லை. பூசணிக்காயில் கண் வெட்டினால் ஓடிப்போகிற விசுவாசம் என்றால் அது இருந்தும் என்ன பிரயோசனம்? எங்கள் தீவில் எத்தனையோ வீடுகளில் பிள்ளை செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல் சோறு ஆக்குகிறார்கள். அந்தக் கதவுகளைச் செத்தவர் என்று சொல்லிக்கொண்டு தட்ட எங்களுக்கு உரிமை இல்லை. வேறு நாட்டில் அது வெறும் விளையாட்டாக இருக்கட்டும். இங்கே அப்படி இல்லை. இதில் என்னோடு நீங்கள் சண்டை பிடித்தாலும் நான் மாறப்போவதில்லை.

இதைச் சொல்ல முதல் ஷாலினியோடு போனில் கதைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப சொல்லி என்னக்கா" என்றாள். வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள். அது அவளுடைய உரிமை.

நேற்று றீற்றா அக்காவிடம் போனேன். முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தா. நின்றபடியே சொன்னேன், ஒன்றும் மறைக்காமல். அந்த வசனம் என்னுடையது, பிள்ளைகளுக்குப் பழக்கியது நான், அன்ரன் அனுப்பவில்லை.

அவ கையில் இருந்த மீனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தா.

"அப்ப அவன் பசிக்குதெண்டு கேக்கேல்லையோ?"

"இல்லை அக்கா."

"அப்ப என்ர பிள்ளை இருக்கிறானோ?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏச்சுக்கும் சாபத்துக்கும் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன்... "தெரியாது அக்கா" என்றேன்.

"தெரியாதெண்டால், பிள்ளை, ஏன் அண்டைக்குச் செத்தவர் எண்டு சொல்லிக்குடுத்தனீ?"

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் உங்கள் முன்னால் நின்று இவ்வளவையும் என் வாயால் சொல்வேன். அவ கேட்டதையும் சொல்வேன்.