சூரியன் இருக்கும் பக்கம்

மதலேன் டீச்சர் காலமான செய்தி எனக்குப் பாரிசிலிருந்து வந்தது. அவர் வீடு எங்கள் பள்ளியிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான். பக்கத்து வீட்டார் முதலில் பாரிசில் இருக்கும் அவர் மகனுக்குச் சொல்ல, மகன் என்னை அழைத்தான். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்கக்கா. நான் வந்து சேர்ற வரைக்கும் கொஞ்சம் கூட இருங்க" என்றான். வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் இருக்கும் காரைக்காலில் சாவுச் செய்தி இப்படிச் சுற்றிக்கொண்டு வருவது புதிதில்லை.

அவரோடு வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் ஒரு மனக்குறை உண்டு. பேசும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். காதுப் பக்கமாக எங்கேயோ பார்ப்பார். பிரெஞ்சுக் குடியுரிமை தந்த திமிர் என்று சிலர் சொன்னோம். கணக்கு டீச்சரான எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும்.

பள்ளி நூலகத்துக்கு வானியல், இயற்பியல் புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பது அவர் பொறுப்பு. கடைக்காரர் கட்டைப் பிரித்ததும் சூரியன் இருக்கும் பக்கத்தைத் தேடி எடுப்பார். தலையைச் சாய்த்து, எழுத்தெழுத்தாகப் படிப்பார். பாதிப் புத்தகங்கள் அங்கேயே திரும்பிவிடும். "கறுப்புக் கண்ணாடி போட்டுப் பாக்கலாம்னு எழுதிருக்கான். எடுத்துட்டுப் போங்க" என்பார்.

"ஏன் டீச்சர், சந்திரன், செவ்வாய் பக்கத்தையெல்லாம் பாக்க மாட்டீங்களா?" என்று நான் கேலி செய்வேன்.

"அதப் பாத்து எந்தப் புள்ளையும் கெட்டுப்போனதில்ல, கலா" என்பார். சிரிக்க மாட்டார்.

போன வருடம் என் கொழுந்தனார் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, என் மகள் யாழினிக்கு ஒரு டெலஸ்கோப்பும் பெரிய வானியல் புத்தகம் ஒன்றும் கொண்டுவந்தார். புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. அவர் ஊருக்குத் திரும்பிய பின் எங்கள் வீட்டில் அதைப் படிக்க ஆள் இல்லை. ஒரு சனிக்கிழமை, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன்: "படத்த வச்சே எல்லாம் புரிஞ்சுக்கிறா, டீச்சர்."

அவர் பேனாவை வைத்தார். "சூரியன் பக்கத்துல என்ன படம்?"

"ஒரு பொண்ணு டெலஸ்கோப்புல குனிஞ்சு பாக்குது."

"பெட்டிக்குள்ள சின்னதா ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்துச்சா?"

இருந்தது. அவர் எழுந்துவிட்டார். "வண்டிய எடு. புள்ளைங்க படிக்கிறதுக்கு முன்னாடி செஞ்சு பாத்துடும்."

நெரவியில் இருக்கும் என் வீட்டுக்கு விரைந்தோம். கிளம்பும்போது போன் போட்டுப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை. உச்சி வெயிலில் ரோட்டில் ஒரு மனிதர் இல்லை; வயல்களில் வெயில் மட்டும் நின்றது.

மாடியில் யாழினி டெலஸ்கோப்பைச் சூரியனுக்கு நேரே திருப்பி, கறுப்புக் கண்ணாடியைத் திருகி மாட்டியிருந்தாள். அவள் குனியும்போது டீச்சர் குழலின் வாயை உள்ளங்கையால் மூடினார்.

"கண்ணாடி மாட்டிருக்கேன் டீச்சர். அதுல சூரியன்னுதான் போட்டுருக்கு" என்றாள் யாழினி.

"இங்குட்டு வந்து நில்லு பாப்பா." பார்க்கும் முனைக்குக் கீழே ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, குழலிலிருந்து கையை எடுத்தார். நாங்கள் மூவரும் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. வீணாகப் பயந்துவிட்டோமோ என்று நினைத்தேன். அப்போது டக்கென்று ஒரு சத்தம். கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. விரிசல் வழியே காகிதத்தில் ஒளி விழுந்தது. காகிதம் பழுப்பேறிப் புகைந்தது.

"உன் கண்ணு இங்கதான் இருந்துருக்கும்" என்றார்.

பிறகு புத்தகத்தைக் கேட்டு வாங்கி, படத்துக்கு அடியில் இருந்த பொடி எழுத்தைப் பிரெஞ்சில் படித்துத் தமிழில் சொன்னார். சூரிய வெளிச்சத்தைத் தடுக்கும் வடிகட்டியைக் குழலின் முன் வாயில்தான் மாட்ட வேண்டும், கண் வைக்கும் இடத்தில் ஒருபோதும் கூடாது என்று தெளிவாகவே போட்டிருந்தது. "புக்குல தப்பு இல்ல. அதப் படிக்கத் தெரியாத வூட்டுக்கு வந்துருச்சு" என்றார்.

அன்று கீழே உட்கார்ந்து மோர் குடிக்கும்போதுதான் தன்னைப் பற்றிச் சொன்னார். யாழினி வயதில், ஒரு சிறுவர் புத்தகம் சொன்னபடி கண்ணாடியில் விளக்குக் கரி பிடித்துக் கிரகணம் பார்த்திருக்கிறார். வலிக்கவே இல்லையாம். மறுநாள் காலையில் பார்த்தால், இரண்டு கண்ணிலும் நடுவில் கறுப்பு. அது பிறகு போகவே இல்லை. "நேரா பாத்தா உனக்கு மூஞ்சியே இல்ல கலா. அதான் காதப் பாத்துப் பேசுறேன்."

எனக்கு அழுகை வந்தது. அவர் யாழினியிடம் திரும்பி, அவளுக்கு என்னென்ன கேள்விகள் இருக்கின்றன என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரமே மூன்று புத்தகங்கள் கொண்டுவந்தார். மூன்றும் தமிழ். "அம்மா இல்லாதப்பவும் அவளே படிச்சுக்கணும்" என்றார். அந்த மூன்றையும் யாழினி கிழியக் கிழியப் படித்துவிட்டாள்.

அடக்கத்தன்று மகன் வந்து சேரும் வரை பெட்டியைத் திறந்தே வைத்திருந்தார்கள். நான் டீச்சரின் முகத்தை நேராகப் பார்த்தேன். அவர் என் முகத்தை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பக்கத்தில் யாழினி நின்றிருந்தாள். "டீச்சர் புருவத்துல சின்னதா ஒரு மச்சம் இருக்கும்மா" என்று மெதுவாகச் சொன்னாள். இத்தனை வருடம் எனக்குத் தெரியாத மச்சம். அதைக் கண்டுபிடித்த அந்த இரண்டு கண்கள்தான் மதலேன் டீச்சர் எனக்கு விட்டுச் சென்றவை.