ஒருக்களித்துப் படுக்கவைத்தவள்

"...அமுக்காதீங்க, அது நேராகாது. கொஞ்சம் தள்ளிக்குங்க. அண்ணா, தொடட்டுமா?"

கடைசிக் கேள்வி எங்களிடம் கேட்டதல்ல. செத்துக் கிடந்த என் மாமாவிடம் கேட்டது. அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் அவர் வீட்டு வாசலில், வாடகைக்கு வந்த ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடி மூடவில்லை. மாமாவின் முட்டி இரண்டும் மடங்கி, கூரை மாதிரி மேலே நின்றன. அவருடைய பெரியப்பா மகன்கள் இருவர் ஆளுக்கொரு முட்டியைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அவர் காலுக்குப் பயிற்சி கொடுத்த பெண் வந்தாள்.

மாமாவுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் விளம்பரப் பலகைகளுக்கு மேலேறி பேனர் கட்டுகிற வேலை. அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் குனிந்தே வாழ்ந்தவர். "எங்கப்பன் குனிஞ்சதுக்கும் சேத்து நான் மேல ஏறிக்கினேன் மச்சான்" என்பார். ஒருநாள் காற்றில் துணி பிய்த்துக்கொண்டு போக, அதோடு அவரும் போனார். உயிர் தங்கியது, இடுப்புக்குக் கீழே எதுவும் தங்கவில்லை.

செங்கல்பட்டில் அவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில், பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகள் வார்டுக்கு வருவார்கள். மாமாவுக்கு என்று விட்ட பெண் கடைசி வருஷம் படித்தாள். ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டு. கட்டிலருகே வந்து பெயரைச் சொல்லுவாள், இன்றைக்கு என்ன செய்யப்போகிறாள் என்று சொல்லுவாள், பிறகு "தொடட்டுமா அண்ணா?" என்பாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பதில் வரும்வரை கை நகராது. இடது காலை முடித்து வலது காலுக்குப் போகும்போது மறுபடியும் கேட்பாள்.

மாமாவுக்கு முதலில் சிரிப்பு. கேள்வி பாப்பா என்று பேரே வைத்துவிட்டார். "நெருப்பு வச்சாலே தெரியாத காலும்மா இது. அதாண்ட போய் இன்னாத்துக்குக் கேட்டுகினு கீற?" என்றார். அவள், "காலுகிட்ட கேக்கலைண்ணா, உங்ககிட்டதான் கேக்கறேன். உங்க காலுதானே" என்றாள்.

நான் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஏறுகிறவர்கள் விட்டுப் போகிற பேச்சுதான் நான் படித்த படிப்பு. அதில் இந்த ஒரு வார்த்தைக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு வேறொன்று கிடைக்கவில்லை. விழுந்த நாளிலிருந்து அந்த உடம்பை யார் யாரோ புரட்டினார்கள், ஊசி குத்தினார்கள், மூத்திரப் பை மாட்டினார்கள். அது அவருடையது என்று நினைவு வைத்திருந்தவள் இவள்தான்.

அவள் ஓயாமல் பழக்கிக்கொடுக்கப் பார்த்தது இரண்டு. கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு நகர்வது ஒன்று. ஒருக்களித்து, முட்டிகளுக்கு நடுவே துணிச் சுருட்டு வைத்துப் படுப்பது மற்றொன்று. புரண்டு படுக்காவிட்டால் முதுகில் புண் வரும், புண்தான் ஆளைக் கொண்டுபோகும் என்று அக்காவிடம் சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் அவள் மாமாவின் உள்ளங்காலில் விரலை ஓட்டியபோது கால் வெடுக்கென்று உதைத்தது. அக்கா பார்த்துவிட்டாள். கும்பிட்ட கையை இறக்காமலே வெளியே ஓடி, பூந்தி வாங்கி வந்து வார்டு முழுக்கக் கொடுத்தாள். பக்கத்துக் கட்டில்காரர் வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த ஆடிக்குள் ஓடுவீர்கள் என்றார். கூட்டுகிற அம்மாவிலிருந்து ஊசி போட வந்த நர்ஸ் வரைக்கும் யாருக்கும் இல்லையென்று சொல்ல மனமில்லை. அன்றைக்கே மாமா சக்கர நாற்காலியை எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். நடக்கப்போகிறவனுக்கு நாற்காலி எதற்கு?

அவள் மட்டும் பூந்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நீ சொல்லு கேள்வி பாப்பா. காலு வந்துச்சா, வரலியா?" என்றார் மாமா.

அக்கா அவளை வராந்தாவுக்கு இழுத்துப்போய், கூடப் பிறந்தவளாக நினைத்துக் கேட்கிறேன், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று கெஞ்சினாள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் இன்னும் படிக்கிறவக்கா. அதைச் சொல்ற இடம் என்னோடது இல்ல. அதுக்காகப் பொய் சொல்லவும் என்னால ஆகாது. மேடத்தைக் கூட்டிட்டு வர்றேன்."

அவளுக்குப் பாடம் நடத்தும் மேடம் வந்து, திரையை இழுத்துவிட்டுப் பக்குவமாகத்தான் சொன்னார். அந்த உதை காலுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவிலேயே முடிந்துபோகிறது, மாமாவின் மனசுக்கு அதில் பங்கில்லை, இனி நடக்க வராது என்றார். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவள் போகவில்லை. திரைக்குள்ளேயே, மாமா திட்டுவதற்கு வசதியாக நிற்பவளைப் போல நின்றாள். அவர் திட்டவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் வழக்கம்போல் வந்தாள். "தொடட்டுமா அண்ணா?"

"வேணாம்."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சரிண்ணா. நாளைக்கு வந்து கேக்கறேன்." வீட்டுக்கு அனுப்பும் நாள்வரை தினமும் கேட்டாள். தினமும் வேணாம்தான். மேடம்கூடப் பேசிப் பார்த்தார், மாமா கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் காலைத் தொட்டிருக்கலாம். தொட்டால்தான் அவருக்குத் தெரியாதே. அவள் தொடவில்லை.

வீட்டில் அக்காவையும் அவர் புரட்டவிடவில்லை. மல்லாந்தே கிடந்தார். முட்டி மடங்கி இறுகியது, முதுகில் புண் திறந்தது, பிறகு காய்ச்சல். "அன்னிக்கி ஒரு பொய் சொல்லியிருந்தா, அந்த ஆசையிலயாவது கால நீட்டிகினு இருந்திருப்பாரே" என்று அக்கா இன்னும் சொல்கிறாள். ஆட்டோவில் ஏறுகிறவர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கோவளத்து மீன்கார அம்மா, "பொய் சொன்னா வாயி இன்னா வெந்தா பூடும்?" என்றார். அணு ஆராய்ச்சி ஆபீஸில் வேலை செய்கிற ஒரு சார், அந்தப் பெண் செய்தது நூற்றுக்கு நூறு சரி என்றார். சரி என்றுவிட்டு அவர் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கிப்போனார். நான் எங்கே இறங்குவது?

இப்போதும் வெள்ளைக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு படிக்கிற பிள்ளைகள் என் வண்டியில் ஏறுகிறார்கள். தொழில் ஒழுக்கம் என்று ஒரு பாடம் இருக்கிறதாம். அதில் எளிதாக மார்க் வரும் என்று ஒரு பையன் சொன்னான். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தேன். சரியாக நடந்துகொள்வதால் யாரும் பிழைத்துவிடுவதில்லை தம்பி என்று வாய்வரை வந்தது.

ஐஸ் பெட்டி வந்த அன்று காலை நான் வார்டில் சொல்லிவிட்டு வந்த சேதி கேட்டுத்தான் அவள் பஸ் பிடித்து வந்திருந்தாள். முட்டியை அமுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்தார்கள். தொடட்டுமா என்று கேட்டுவிட்டு, வார்டில் நிற்பாளே அதேபோல மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேணாம் என்று சொல்ல அவருக்கு வேண்டிய நேரத்தை முழுக்கக் கொடுத்தாள். யாரோ, செத்தவனாண்ட இன்னா கேள்வி என்று முணுமுணுத்தார்கள். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவள் கையையே பார்த்தாள்.

பிறகு அந்தப் பெண், மாமாவின் தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து அவரை மெதுவாக ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய லுங்கியை எடுத்துச் சுருட்டி, முட்டிகளுக்கு நடுவே வைத்துவிட்டு, மூடியை இறக்கினாள்.