முள்வாங்கியும் கடைசி அங்கமும்

என் மேசை இழுப்பறையில், பேனா முனைகள் போட்டு வைக்கும் தகரப் பெட்டிக்குள், காலில் தைத்த முள்ளைப் பிடுங்கும் ஒரு முள்வாங்கி இருக்கிறது. இரும்பினால் ஆனது, விரல் நீளம்கூட இராது. வளையத்தில் கோத்து அரைஞாணில் கட்டிக்கொள்வார்கள். எங்கள் எருமப்பட்டிப் பக்கத்துக் குடியானவர் அது இடுப்பில் இல்லாமல் காட்டுக்குள் இறங்கமாட்டார். இது என் மாமன் மகனுடையது. என்னைவிட ஒரு வயது மூத்தவர். மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். எப்போதும் பெட்டிக்குள் கிடப்பதை இந்த வாரம் எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.

நாங்கள் இருவரும் சேலத்தில் ஒரே அறையில் தங்கி இன்டர்மீடியட் படித்தோம். ஆங்கிலத்துக்குப் பாடமாக வைத்திருந்தது பழைய ரோமாபுரிச் சேனாதிபதிகளைப் பற்றிய ஒரு துன்பியல் நாடகம். நான்கு அங்கம் முடிந்திருந்த சமயத்தில் எங்கள் தெருவில் எலி விழுந்தது. எலி விழுந்தால் பிளேக் வருகிறது என்று அர்த்தம். கல்லூரியை மூடிவிட்டார்கள். பரீட்சையை மட்டும் தள்ளிவைக்கவில்லை. கடைசி அங்கத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பிளேக் ஊரிலிருந்து வந்தவர்களை ஊருக்குள் விடுவதில்லை. என் தகப்பனார் எங்கள் சோளக்காட்டின் கோடியில், கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்த சாளையில் எங்களைத் தங்கச் சொன்னார். பனையோலை வேய்ந்த சின்னக் குடிசை அது. நாங்கள் கொண்டு வந்த துணிகளையும் செருப்புகளையும் ஒரு குச்சியால் தள்ளித் தீயில் போட்டார்கள். புத்தகத்தையும் போடச் சொன்னார்கள். மச்சான் அதை இடுப்பு வேட்டிக்குள் சொருகி ஒளித்து வைத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் அப்பா வரப்பின் அந்தத் தலைப்பில் சோற்றுச் சட்டியை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு, தள்ளிப் போய் நின்று கூப்பிடுவார்.

“ஒடம்பு சொகமா சாமி?”

“சொகமாத்தான் இருக்கறமுங்க மாமா. கொழம்புலதான் உப்பு கம்மி” என்று மச்சான் கத்துவார். அப்பா திரும்பிப் போன பிறகுதான் நாங்கள் போய்ச் சட்டியை எடுப்போம்.

பகலெல்லாம் கடைசி அங்கத்தைப் படித்தோம். நான் வாசித்துப் பொருள் சொல்வேன். அவர் சோளத்தட்டையைக் கடித்துக்கொண்டு கேட்பார். போர்க்களத்தில் ஒரு சேனாதிபதி. அவருக்குக் கண்பார்வை மட்டு. தூரத்தில் போன நண்பன் என்ன ஆனான் என்று பார்த்துச் சொல்ல ஊழியனை மேட்டின்மேல் ஏற்றுகிறார். நண்பனைக் குதிரைவீரர்கள் சூழ்ந்துகொண்டார்கள், கூச்சல் போடுகிறார்கள், பிடித்துவிட்டார்கள் என்று அவன் மேலே இருந்தபடியே சொல்கிறான். சேனாதிபதி அதற்குமேல் விசாரிக்கவில்லை. தன் வாளை அந்த ஊழியன் கையிலேயே கொடுத்துக் குத்தச் சொல்லித் தன்னை முடித்துக்கொள்கிறார். உண்மையில் சூழ்ந்து நின்றவர்கள் சொந்தப் படையினர். அது வெற்றிக் கூச்சல். நண்பன் மாலையோடு திரும்பி வந்து பார்க்கும்போது காரியம் முடிந்துவிட்டது.

“இந்த ரோமாபுரிக்காரனுங்களுக்கு என்னடா மாப்பிளே இத்தனை அவசரம்? சித்த நேரம் பொறுத்திருந்தா மாலையே வந்திருக்கும்” என்றார் மச்சான்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலையிலிருந்தே என் உடம்பு காந்திக்கொண்டிருந்தது. வெயில் என்று நினைத்தேன். மத்தியானம் கை தற்செயலாக இடது தொடை இடுக்கில் பட்டது. அங்கே ஒரு கட்டி. நெல்லிக்காய் அளவு இருந்தது. தொட்டால் உயிர் போகிற வலி.

பிளேக் கட்டி எங்கே வரும் என்று அந்த நாளில் எங்கள் பக்கத்தில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். பிளேக் கண்டவர்களுக்காக ஊருக்கு மேற்கே போட்டிருந்த கொட்டகையை நினைத்தேன். அதற்குள் தூக்கிப் போனவர்கள் யாரும் நடந்து திரும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்பா வரப்பைத் தாண்டி ஓடி வந்து என்னைத் தொடுவார், அவருக்கும் வரும், பிறகு அம்மாவுக்கு என்று மனசு ஓடியது. களத்துமேட்டுக்கு மேலே பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. நாடகத்திலும் தோற்கப்போகிற படைக்கு மேலே பறவைகள் இப்படித்தான் வட்டமிட்டன. அந்தப் பக்கத்தைத் திரும்பப் படிக்க எனக்குத் தைரியம் இல்லை. கிணற்றைப் பார்த்தேன். பார்த்த பார்வையை எடுக்க முடியவில்லை.

“மச்சான், நீங்க ஊருக்குப் போயிருங்க. சோளக்காட்டு வழியா, திரும்பிப் பாக்காம போங்க” என்றேன்.

“என்னத்துக்கு?”

சொன்னேன். அவர் கையில் இருந்த சோளத்தட்டை கீழே விழுந்தது. எழுந்து இரண்டு எட்டு பின்னால் போனார். அவருக்கும் பயம்தான். என்னைப் பார்த்தார், நான் பார்த்துக்கொண்டிருந்த கிணற்றையும் பார்த்தார்.

“அந்த ஊழியக்காரன் மேட்டு மேல நின்னுட்டுத்தானே பாத்தான்?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“கிட்டப் போய்ப் பாக்கலே?”

“இல்லீங்க.”

“செரி, காட்டு.”

வேண்டாம் என்று கத்தினேன். அவர் அதற்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வேட்டியை ஒதுக்கிக் கட்டியைத் தொட்டார். அவர் விரல் சில்லென்று இருந்தது. தொடை, முழங்கால், கெண்டைக்கால் என்று கீழே அழுத்திக்கொண்டே போனார். குதிகாலுக்குப் பக்கத்தில் அழுத்தியதும் நான் துள்ளிவிட்டேன்.

“இது எப்பருந்து வலிக்குது?”

செருப்பில்லாமல் நடந்ததால் வலிக்கிறது என்று நான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர் காலைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். வெடிப்புக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. சுற்றிலும் வெளுத்து வீங்கியிருந்தது. அரைஞாணிலிருந்து முள்வாங்கியை அவிழ்த்தார். சீழோடு வந்தது ஒடிந்த வேலமுள்.

“நெறி கட்டியிருக்குதுன்னு நெனைக்கறேன்” என்றார். காலில் புண் இருந்தால் தொடை இடுக்கில் கட்டிக்கொள்ளும் வீக்கத்தை நாங்கள் நெறி என்போம். பிறகு என் கண்ணைப் பார்த்து, “நிச்சயமாத் தெரியாது மாப்பிளே. நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் பாக்கலாம். அது வரைக்கும் நா இங்கிருந்து நகர மாட்டன், நீயும் கெணத்துப் பக்கம் நகரப்படாது” என்றார்.

அன்று சாயங்காலம் அப்பா வரப்பில் நின்று வழக்கம்போலக் கேட்டார்.

“மாப்பிள்ளைக்கு முள்ளுக் குத்தீருச்சுங்க மாமா. எடுத்துட்டன். நாளைக்குச் சொல்றனுங்க” என்றார் மச்சான். உப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் விட்டது. கட்டி மெத்தென்று ஆகி அமுங்கத் தொடங்கியது. நான் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

பரீட்சையில் அந்தச் சேனாதிபதியின் சாவைப் பற்றியே கேட்டிருந்தார்கள். நான் பக்கம் பக்கமாக எழுதித் தேறினேன். மச்சான் தவறிவிட்டார். படிப்பு போதும் என்று எருமப்பட்டிக் காட்டுக்கே போனார். போகும்போது முள்வாங்கியை என் கையில் வைத்து, “பட்டணத்துலயும் முள்ளு இருக்கும்” என்றார். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு அந்த வருஷம்தான் வந்தது. கண்ணால் பார்த்ததையும், கேள்விப்பட்டதையும், நானாக நினைத்துக்கொண்டதையும் ஒரே வாக்கியத்தில் கலக்காமல் எழுதுகிறேன்.

இப்போது என் தாடைக்குக் கீழே ஒரு கட்டி வந்திருக்கிறது. வலியில்லை. வலியில்லாததுதான் கவலை என்பதுபோல டாக்டர் முகத்தை வைத்துக்கொண்டார். கொஞ்சம் சதை எடுத்துச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. மச்சானுக்கு ஒரு கார்டு போட்டேன். முந்தாநாள், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் வந்து இறங்கினார், தலைப்பாகையெல்லாம் புகை.

அவருக்கு இப்போது கண்ணில் பூ விழுந்திருக்கிறது. வாசலில் நின்றபடி யார் என்று தெரியாமல் விழித்தார். பிறகு நேரே வந்து, மூச்சு என் கன்னத்தில் படும்படி குனிந்து, விரலால் கட்டியைத் தொட்டார். அன்றைப் போலவே விரல் சில்லென்று இருந்தது.

“முள்ளு ஒண்ணும் இல்லியே” என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

இன்று காலை நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “ஆஸ்பத்திரிக்குப் போயி, முடிவு வந்திருச்சான்னு டாக்டருகிட்டயே கேட்டுட்டு வாரேன். தெருவுல யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்காதே” என்று சொல்லிவிட்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து போனார். முள்வாங்கி மேசைமேல் இருக்கிறது. எனக்குப் பயம் போகவில்லை. கதவைத் திறந்துவைத்து, அவர் வரும் வழியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.