மீன் காய்ச்சாத வீடு

நேற்று மகளின் குசினியிலிருந்து முருங்கையிலை வதங்கும் மணம் வந்தது. பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும் பேத்திக்காம். நான் கதிரையில் இருந்தபடியே எழுபதுகளின் சாம்பல்தீவுக்குப் போய்விட்டேன்.

நான் திருகோணமலை டவுன்காரி. கலியாணம் கட்டிப் போனது வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டி வீட்டுக்கு. மூன்று நேரமும் மீன். மாமியார் என் கணவரைப் பெற்ற கையோடு இறந்துபோனவர். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. விடிய பஸ் ஏறினால் பொழுதுபடத்தான் வருவார். ஆகவே இது அவரைப் பற்றிய கதையல்ல.

வயிற்றில் பிள்ளை தங்கியதும் மீன் மணமே எனக்கு ஆகாமல் போயிற்று. மீன்பிடிகாரர் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வருத்தம் வாய்க்காது. வெறுஞ்சோறு தின்று, ஒருநாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தேன். கிளினிக்கில் தாதி என் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

“ரத்தமே இல்லை. மீன் ஏலாதெண்டா இலைவகை, பயறு, எள்ளு சாப்பிடுங்கோ. தேசிக்காய் பிழிஞ்சு விடுங்கோ. சாப்பிட்ட கையோட தேத்தண்ணி வேண்டாம்.”

கூட வந்த மாமா, என் கணவரின் தகப்பன், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் ஒன்றுதான் சொன்னார்.

“இவன்ர தாயும் இப்பிடித்தான் வெளுத்துப்போய்க் கிடந்தவ.”

அன்றோடு வீட்டில் மீன் நின்றது. கீரைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாத அந்த மனிதர், மீனைக் கரையிலேயே விற்றுவிட்டு, சவுக்காரம் போட்டுக் குளித்து, முருங்கைக் கொப்பும் பொன்னாங்காணியுமாக வருவார். ஊர் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பயத்தங்கஞ்சி, குரக்கன் பிட்டு எல்லாம் அவர் கைச்சமையல்தான். முதல்நாள் முருங்கையிலைச் சுண்டலில் பாதி காம்பு. எதிரே இருந்து, செத்தவீட்டு முகத்தோடு தானும் தின்றார்.

“மாமா, நீங்கள் மீன் சாப்பிடுங்கோவன்.”

“நான் சாப்பிட்டா உனக்கு மணக்கும். நீ தின், பிள்ளை.”

மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர் குழந்தையைப் பார்க்கவில்லை. நேரே வந்து, தடித்த விரலால் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். அப்படியே கட்டிலடியில் நிலத்தில் குந்திவிட்டார். அங்கிருந்தே கேட்டார்.

“பிள்ளை, இனி வீட்டில மீன் காய்ச்சலாமோ?”

“ஓம், மாமா.”

அப்போதுதான் அழுதார். மீனுக்காக அழுகிறார் என்று பக்கத்துக் கட்டில்காரி நினைத்திருப்பாள்.

பின்னால் வந்த பிரச்சினைக் காலத்தில், சண்டையில் அந்த வீடு போயிற்று. மாமா அதற்கு முன்னமே போய்விட்டார். இன்று அங்கே ஒரு ஹோட்டலின் வாகனத் தரிப்பிடம். தன் வீட்டில் மீன் சமைக்க மருமகளிடம் அனுமதி கேட்ட இன்னொரு ஆளை நான் பிறகு காணவில்லை.