வாயில் அடக்கிய பால்

நிவித்திகல ஊர்ப் பக்கத்துக் கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியில் பண்புக் கல்விக்குப் பாடத்திட்டம் போட ஆறு பேர் கூடியிருந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியன் நான் ஒருவன்தான்.

"மாஸ்டர், நன்றி சொல்றதை முதல்ல வைப்போமாங்க?" என்றார் பள்ளி அதிபரான சிஸ்டர்.

அந்நேரம் யாரோ தேநீருக்குப் பால்மா கரைத்தார்கள். அந்த வாசனை என்னை இதே பள்ளியின் இரண்டாம் வகுப்புக்கு இழுத்துப்போனது.

அன்று பிள்ளைகளுக்கு இடைவேளையில் பால் கொடுப்பார்கள். சுடச்சுட, தகரக் கோப்பையில். அங்கேயே குடித்துவிட வேண்டும். வெளியே கொண்டுபோகக் கூடாது. தம்பியைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்ட அக்கா, அவனை இடுப்பில் வைத்தபடி வெளியே நிற்பாள். கடைசி மிடறை வாயில் அடக்கிப்போய் அவள் நீட்டும் தேங்காய்ச் சிரட்டையில் விடுவேன். தம்பி அதைக் குடிப்பான்.

ஒருநாள் புதிதாக வந்த சிஸ்டர் வாசலில் மறித்தார். "வாயைத் தெறந்து தேங்க்யூ சொல்லிட்டுப் போகணும், மகன். இனி தினமும்."

விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

அக்கா சிரட்டையை நீட்டினாள். "எங்கடா?"

"தேங்க்யூ சொல்லிட்டேன்க்கா."

அந்த மழைக்காலத்தைத் தம்பி தாண்டவில்லை. நாளுக்கு ஒரு மிடறு அவனைக் காப்பாற்றியிருக்காது. ஆனாலும் கணக்குப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

அதிபர் சிஸ்டர் என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"கொடுக்கிறதை முதல்ல போடுங்க, சிஸ்டர்," என்றேன். "நன்றியைப் பிள்ளைங்ககிட்ட கேட்டு வாங்காதீங்க."